காலியான கட்டடம் யாருக்கு? பல்கலைக்கழக இடப் பங்கீடு குறித்த ஒரு மதிப்பாய்வு

2022 ஜனவரியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளி, மன்ஹாட்டன்வில் வளாகத்தில் எழுந்த இரண்டு புதிய கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தது. 1964 முதல் அது இயங்கிவந்த யூரிஸ் ஹால், பழைய வளாகத்தின் நட்டநடுவில் காலியானது. இடநெருக்கடியில் இருந்த கலை, அறிவியல் துறைகளின் பார்வை அதன் மேல் விழுந்ததில் வியப்பில்லை. சிறிய அளவிலோ பெரிய அளவிலோ இதே நிலைமை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வருகிறது. ஒரு துறை புதிய கட்டடத்துக்குப் போகும். அது விட்டுச் சென்ற அறைகளைக் கேட்டு நாலைந்து துறைகள் மனுப் போடும்.

அந்த இடம் யாருக்கு, எந்த அடிப்படையில், எவ்வளவு காலத்துக்கு? முதல் இரண்டு கேள்விகளுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதில்கள் எழுதப்பட்டுவருகின்றன. மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இதுவரை முன்வைக்கப்பட்ட முக்கிய நிலைப்பாடுகள், அவை பிறந்த சூழல், அவற்றின் குறைகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. விடுபட்ட அந்த மூன்றாவது கேள்வியே மற்ற இரண்டின் பதில்களையும் பலவீனப்படுத்துகிறதோ என்ற ஐயத்தையும் அது எழுப்புகிறது.

பணம் வேறு, கட்டடம் வேறு

பல்கலைக்கழகங்கள் பங்கிடும் வளங்களில் பணத்தையும் பணியிடங்களையும் பற்றிய ஆய்வுகள் ஏராளம். இடத்தைப் பற்றியவை அவ்வளவு இல்லை. ஆனால் பணத்துக்குச் சொன்ன விதி இடத்துக்கு அப்படியே பொருந்தாது. பணத்தைச் சில்லறையாக மாற்றலாம். 3,000 சதுர மீட்டர் கட்டடத்தை எல்லாருக்கும் சமமாக நறுக்கிக் கொடுக்க முடியாது. வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு நச்சுப்புகை வெளியேற்றும் அமைப்பு வேண்டும். எடை மிகுந்த கருவிகளுக்குத் தரைத்தளம் வேண்டும். நூல்களை அடுக்கும் துறைக்கு அந்தச் சுமையைத் தாங்கும் தளம் வேண்டும். பரப்பளவு ஒன்றாக இருந்தாலும் ஓர் அறைக்கு இன்னோர் அறை ஈடாகாது.

காலியாகும் கட்டடம் பெரும்பாலும் பழையது என்பது இரண்டாவது சிக்கல். ஒழுகும் கூரை, போதாத மின்திறன், மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாத படிகள் எனப் பல காரணங்களால்தான் முந்தைய துறை அதை விட்டுப் போயிருக்கும். ஆகவே இடத்தைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. சீரமைப்புச் செலவு யார் தலையில் என்ற கேள்வி உடனே எழும். மூன்றாவது, ஒரு நகர்வு பல நகர்வுகளை இழுத்துவரும். காலியான கட்டடத்துக்கு இயற்பியல் போனால் அதன் பழைய தளத்துக்குக் கணிதம் வரும், கணிதத்தின் அறைகளைப் புள்ளியியல் கேட்கும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை பார்க்காமல் எடுக்கும் முடிவு, பாதி வழியில் நின்றுவிடும் அபாயம் உண்டு.

அனுபவ பாத்தியதை

எல்லா இடமும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். துறைகள் அதைப் பயன்படுத்த மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. எழுத்துவடிவ இடக்கொள்கை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதுதான் முதல் வாக்கியம். நடைமுறையில் ஆள்வது அனுபவ பாத்தியதை. யார் சாவி வைத்திருக்கிறார்களோ அவர்களே உரிமையாளர்.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. நாளைக்கும் இந்த அறை நம்முடையது என்ற உறுதி இருந்தால்தான் ஒரு துறை கருவிகளை நிறுவும், நூலகம் அமைக்கும், ஆய்வு மாணவர்களைச் சேர்க்கும். இருப்பவரை அசைக்காமல் விடுவதால் நிர்வாகத்துக்கும் தலைவலி குறைவு. ஆனால் மாணவர் எண்ணிக்கை சரிந்த துறை தன் பழைய பரப்பை அப்படியே வைத்திருக்க, நேற்றுத் தொடங்கிய துறை நடைபாதையைத் தடுத்து அலுவலகம் நடத்த வேண்டியிருக்கும்.

நம் ஊரின் பழைய அறிவியல் துறைகளில் இதைக் கண்ணெதிரே காணலாம். பூட்டிய அறை ஒன்று இருக்கும். உள்ளே பழுதான ஆஸிலோஸ்கோப்புகள், கால் உடைந்த ஸ்டூல்கள், திரை மங்கிய கணினிகள். அவற்றைத் தூக்கிப் போட முடியாது. ஒவ்வொன்றும் டெட் ஸ்டாக் எனப்படும் நிலைப்பொருள் பதிவேட்டில் இருக்கிறது. மத்திய நிறுவனமாக இருந்தால் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி பொருளை உபரி அல்லது பயனற்றது என்று அறிவித்து, மதிப்பிட்டு, முறைப்படி கழிக்க வேண்டும். அந்தக் கோப்பில் கையெழுத்திட்டால் நாளை தணிக்கைக் குறிப்பு வருமோ என்று அஞ்சும் துறைத் தலைவர், அறையைப் பூட்டியே வைத்துவிட்டு ஓய்வு பெறுவார். இங்கே இடத்தைப் பிடித்து வைத்திருப்பது அதிகார ஆசை அன்று, பதிவேடு. இடக்கொள்கை பற்றிய எழுத்துகள் இந்தச் சிறு காரணத்தைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

சூத்திரத்தின் வழி

அனுபவ பாத்தியதைக்கு எதிராக முதலில் எழுந்தது சூத்திரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர் எண்ணிக்கை பெருகியபோது, அரசுகள் புதிய கட்டடங்களுக்குப் பணம் தர ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஜான் டேல் ரஸ்ஸலும் ஜேம்ஸ் டோயும் 1957இல் வெளியிட்ட கையேடு, வகுப்பறை எத்தனை மணி நேரம் பயன்படுகிறது, இருக்கைகள் எவ்வளவு நிரம்புகின்றன என்று கணக்கிடும் முறையை வகுத்தது. 1973இல் வந்த தேசிய அளவிலான கட்டட வகைப்பாட்டுக் கையேடு ஒவ்வோர் அறைக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்தது: 100 வரிசை வகுப்பறை, 200 ஆய்வுக்கூடம், 300 அலுவலகம் என்று. நடைபாதை, படிக்கட்டு, கழிப்பறை ஆகியவற்றைக் கழித்து, துறைகளுக்குக் கொடுக்கத்தக்க பரப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கமும் நிலைபெற்றது. பிரிட்டனில் 1919 முதல் 1989 வரை இயங்கிய பல்கலைக்கழக மானியக் குழு, பாடத்துக்குப் பாடம் மாறும் பரப்பு நெறிகளை வைத்திருந்தது.

சூத்திரத்தின் பலம் அதன் வெளிப்படைத்தன்மை. துணைவேந்தருக்கு யார் நெருக்கம் என்பது கணக்கில் வராது. குறைகளும் தெளிவானவை. முதலாவது, இந்த நெறிகள் புதிதாகக் கட்டுவதற்குப் பிறந்தவை; இருப்பதை மறுபங்கீடு செய்வதற்கு அல்ல. எல்லாத் துறைகளின் தகுதிப் பரப்பையும் கூட்டினால் கையில் உள்ள பரப்பைவிட அதிகமாக வருவது சாதாரணம். அப்போது யாருக்கு எவ்வளவு வெட்டுவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. இரண்டாவது, பாடத்தின் இயல்பு மாறும்போது நெறி பின்தங்கும். கணினியில் உருவகப்படுத்தி ஆய்வு செய்யும் உயிரியலாளருக்கும் சோதனைக் குழாயோடு வேலை செய்பவருக்கும் ஒரே பரப்பு ஒதுக்கப்பட வாய்ப்புண்டு.

பயன்பாட்டை அளத்தல்

எவ்வளவு தகுதி என்பதைவிட எவ்வளவு பயன்படுகிறது என்று பார்ப்பதே மேல் என்பது அடுத்த நிலைப்பாடு. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 1996இல் உயர்கல்வி இட மேலாண்மை குறித்து வழிகாட்டி வெளியிட்டது. 2000களில் இயங்கிய இட மேலாண்மைக் குழு அதை விரித்தெடுத்தது. கணக்கு எளிது. 60 இருக்கை கொண்ட ஓர் அறை வாரத்துக்கு 40 மணி நேரம் திறந்திருக்கிறது. 20 மணி நேரம் வகுப்பு நடக்கிறது. வகுப்புக்குச் சராசரியாக 30 பேர் வருகிறார்கள். பாதி நேரம், பாதி இருக்கை. ஆகப் பயன்பாடு 25 விழுக்காடு. இடமே இல்லை என்று எல்லாரும் முறையிடும் வளாகத்திலும் இத்தகைய எண்கள் வரக்கூடும் என்பது இந்த முறை தந்த முக்கியமான தெளிவு.

ஆனால் இந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நூறு விழுக்காடு பயன்பாடு நடைமுறையில் இயலாது. கால அட்டவணையில் கொஞ்சம் இளக்கம் இல்லாவிட்டால் ஒரு வகுப்பைக்கூட மாற்றிவைக்க முடியாது. திங்கள் காலை பத்து மணிக்கு எல்லா அறைகளும் நிரம்பி, வெள்ளி மாலை எல்லாமே காலியாக இருந்தால் சராசரி எதையும் சொல்லாது. வகுப்பறைக்குப் பொருந்தும் இந்த அளவை ஆசிரியர் அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனால் சிக்கல் கூடும். ஆறு மாதம் ஓடும் சோதனைக்கு முன்னால் ஆள் நிற்க வேண்டியதில்லை. சுவடி படிக்கும் ஆய்வாளர் நூலகத்தில் இருக்கும்போது அவரது அறை காலியாகத்தான் இருக்கும். 2020க்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்வது பரவிய பிறகு, காலியாக இருக்கும் நாற்காலியைத் தேவையில்லாத நாற்காலி என்று கொள்ளலாமா என்பது இன்னும் கூர்மையான சர்ச்சையாகிவிட்டது.

வாடகை வைத்தல்

இலவசமாகக் கிடைப்பதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். ஆகவே சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று துறைகளிடம் உள்வாடகை வாங்கினால் தேவையற்ற இடம் தானாக வெளியே வரும் என்பது பொருளியல் வாதம். ஒவ்வொரு பள்ளியும் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் முறை ஹார்வர்டில் பழையது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1974 வாக்கிலும், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1980களிலும், இண்டியானா 1990 வாக்கிலும் இத்தகைய பொறுப்பு மைய நிதிமுறைக்கு மாறின. கட்டடச் செலவைத் துறைகளின் கணக்கில் ஏற்றுவது அதன் ஓர் அங்கம். பிரிட்டனிலும் பல பல்கலைக்கழகங்கள் இடக்கட்டணத்தை முயன்று பார்த்துள்ளன.

இந்த வாதத்தின் வலு மறுக்க முடியாதது. பெரிய அறை வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதே துறைக் கூட்டங்களின் பேச்சை மாற்றும். ஆனால் இரண்டு தடைகள் திரும்பத் திரும்பச் சுட்டப்படுகின்றன. துறைகள் திருப்பித் தருவது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத இடமாக இருக்கக்கூடும்: மூன்றாம் தளத்தின் மூலை அறை, ஜன்னலற்ற கிடங்கு, இரண்டு துறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒற்றை அறை. துறையின் கணக்கில் செலவு குறையும். பல்கலைக்கழகத்தின் மொத்தச் செலவில் ஒரு ரூபாயும் குறையாது. ஒரு முழுக் கட்டடமோ ஒரு முழுத் தளமோ காலியானால்தான் விளக்கை அணைக்கவோ, விற்கவோ, வேறு துறைக்குத் தரவோ முடியும். இரண்டாவது தடை நியாயம் சார்ந்தது. வருவாய் மிகுந்த மேலாண்மைப் பள்ளிக்குக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. மாணவர் குறைந்த செம்மொழித் துறைக்கு அது கழுத்தில் கயிறு. விலை அளப்பது தேவையை அல்ல, செலுத்தும் திறனை என்ற குற்றச்சாட்டு இங்கிருந்து எழுகிறது.

ஆய்வு நிதியின் அடிப்படையில் இடம் தருவது இதன் உறவுமுறைதான். அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் சதுர அடிக்கு எவ்வளவு மானியம் வருகிறது என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. அதற்குப் பின்னால் அரசு விதியின் தூண்டுதலும் இருக்கிறது. 1991இல் கூட்டாட்சி மானியங்களின் மறைமுகச் செலவில் நிர்வாகப் பங்குக்கு 26 விழுக்காடு உச்சவரம்பு வந்தது. கட்டடப் பங்குக்கு அப்படி ஒரு வரம்பு வைக்கப்படவில்லை. எந்த அறையில் எந்த அளவு ஆய்வு நடக்கிறது என்று அறை அறையாகக் கணக்கெடுப்பது அதன்பின் வருவாயோடு நேரடியாகப் பிணைந்த வேலையானது. செலவு மிகுந்த ஆய்வுக்கு இந்த அளவுகோல் சாதகம். தாளும் பேனாவும் போதும் என்கிற கணிதத்துக்குப் பாதகம்.

செல்வாக்கு என்னும் விளக்கம்

மேற்சொன்ன எல்லாமே எப்படிப் பங்கிட வேண்டும் என்று சொல்பவை. எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேட்டவர்கள் வேறு பதில் தருகிறார்கள். 1974இல் ஜெஃப்ரி ஃபெஃபரும் ஜெரால்டு சலன்சிக்கும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நிதிப் பங்கீட்டை ஆராய்ந்து, பணிச்சுமை போன்ற புறநிலை அளவுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் துறைகளின் செல்வாக்கு முடிவுகளைப் பாதித்தது என்று காட்டினர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மைக்கேல் கோஹன், ஜேம்ஸ் மார்ச், யோஹான் ஓல்சன் மூவரும் பல்கலைக்கழகத்தை நோக்கங்கள் தெளிவற்ற அமைப்பாக விவரித்தனர். அங்கே பிரச்சினைகள், தீர்வுகள், முடிவெடுக்கும் தருணங்கள், ஆட்கள் எல்லாம் தற்செயலாக ஒரே இடத்தில் சேரும்போதுதான் முடிவு பிறக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இந்த ஆய்வுகள் பணத்தையும் பொதுவான முடிவெடுப்பையும் பற்றியவை. இடத்துக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஆனாலும் காலியான கட்டடம் அந்த மூவர் சொன்ன தருணத்துக்கு நல்ல உதாரணம். பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த கோரிக்கைகள், யாரோ ஒரு பேராசிரியரின் கனவு மையம், விருந்தினர் இல்லத் திட்டம் எல்லாம் அந்த ஒரு கட்டடத்தின் வாசலில் வந்து வரிசையில் நிற்கின்றன.

அருகமை வாதம்

எவ்வளவு இடம் என்பதைவிட யாருக்குப் பக்கத்தில் என்பதே முக்கியம் என்போர் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1977இல் வெளியிட்ட நூலில், மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட முதல் சில பத்து மீட்டர்களிலேயே பொறியாளர்களின் பேச்சுத் தொடர்பு செங்குத்தாகச் சரிவதைக் காட்டினார். ஆனால் பேசிப் பழகுபவர்கள்தான் பக்கத்தில் அமர்கிறார்களா, பக்கத்தில் அமர்வதால் பேசுகிறார்களா என்ற ஐயம் இருந்தது.

அதற்கு விடை தேட வழிவிட்டது பாரிஸின் ஜுஸ்ஸியு வளாகம். 1960களில் எழுந்த அந்த வளாகத்தின் கட்டமைப்பு முழுக்கக் கல்நார் பூசப்பட்டிருந்தது. 1971 முதல் அதை பாரிஸ் 6, பாரிஸ் 7 என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் புவி இயற்பியல் நிறுவனத்தோடு பங்கிட்டுக்கொண்டிருந்தன. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய கல்நார் அகற்றம் முடிய 2016 ஆனது. இடையில் ஆய்வுக்கூடங்கள் தம் விருப்பப்படி அல்லாமல், வேலையின் வரிசைக்கு ஏற்ப இடம் மாற்றப்பட்டன. பாரிஸ் 7 பதின்மூன்றாம் வட்டாரத்தின் புதிய வளாகத்துக்குப் போய்விட, ஜுஸ்ஸியுவில் அது விட்ட இடம் பாரிஸ் 6க்கு வந்தது. ஆய்வாளர் கிறிஸ்தியான் கத்தலினி இந்த இடமாற்றங்களை ஆராய்ந்து, புதிதாக அக்கம்பக்கமான ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஆய்வு செய்யும் வாய்ப்புக் கூடியது என்று கண்டார்.

இது அருகமை வாதத்துக்கு வலுவான சான்று. ஆயினும் எந்த இரண்டு துறைகளை அருகில் வைப்பது என்பதை அது முன்கூட்டிச் சொல்வதில்லை. எதிர்பாராத சந்திப்பால்தான் நன்மை என்றால், திட்டமிட்டுச் சேர்ப்பது எவ்வளவு பயன் தரும் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

தமிழ்நாட்டில் ஒரு புதிய வடிவம்

இந்தியாவில் இந்தப் பேச்சு பெரும்பாலும் பற்றாக்குறையின் மொழியிலேயே நடந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு மத்தியக் கல்வி நிறுவனச் சட்டத்தின்கீழ் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு வந்தபோதும், 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான ஒதுக்கீடு வந்தபோதும், மொத்த மாணவர் இடங்கள் கூட்டப்பட்டன. கட்டடத் தேவையும் உயர்ந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி மன்றத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) நெறிகள் பொறியியல் கல்லூரி வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர், டியூட்டோரியல் அறைக்கு 33 சதுர மீட்டர் என்று வகுத்திருந்தன. இவை குறைந்தபட்சத்தை உறுதி செய்யும். இருப்பதை மறுபங்கீடு செய்ய வழி சொல்லா.

தமிழகப் பொறியியல் கல்லூரிகளிலோ அண்மை ஆண்டுகளில் வேறு வகைக் காலியிடம் உருவானது. சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் சேர்க்கை குறைய, கணினி சார்ந்த பிரிவுகள் பெருகின. 2024-25 முதல் தகுதி பெற்ற கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் சேர்க்கை உச்சவரம்பும் தளர்த்தப்பட்டது. சூத்திரப்படி பார்த்தால் விடை எளிது: ஒன்றின் இடத்தை மற்றதற்குக் கொடு. ஆனால் மெக்கானிக்கல் வொர்க்‌ஷாப்பில் லேத்துகள் கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். உயர்ந்த ஷீட் கூரை, மூன்று கட்ட மின்சாரம், ஓரத்தில் கொல்லுலை. அங்கே கணினிக் கூடம் அமைக்கத் தரையை உடைத்து, பொய்க்கூரை போட்டு, குளிரூட்ட வேண்டும். அடுத்த பத்தாண்டில் மெக்கானிக்கல் பிரிவுக்கு மீண்டும் கிராக்கி வந்தால் அந்தச் செலவு முழுதும் வீண். மறுபங்கீட்டின் முடிவுகள் எளிதில் மீட்க முடியாதவை என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

தற்காலிகத்தின் பாடம்

மீட்கக்கூடிய பங்கீடு என்பதற்கு அதிகம் பேசப்படும் உதாரணம் எம்.ஐ.டி.யின் 20ஆம் கட்டடம். ரேடார் ஆய்வுக்காக 1943இல் மரத்தால் அவசரமாகக் கட்டப்பட்ட மூன்று தளக் கட்டடம். போர் முடிந்ததும் இடித்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் ரேடார் ஆய்வகம் கலைந்ததும் காலியான அதன் அறைகளில் மின்னணுவியல் ஆய்வகமும், மொழியியலும், வேறு இடம் கிடைக்காத இன்னும் பல குழுக்களும் குடியேறின. அணுக்கடிகாரம் உருவாக்கிய ஜெரால்டு சக்கரையாஸ் இரண்டு தளங்களின் தரையையே பெயர்த்தெடுத்து உயரமான கருவிக்கு வழி செய்ததாகச் சொல்வார்கள். 1998இல்தான் அது இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் 2004இல் ஸ்டாட்டா மையம் திறக்கப்பட்டது.

இதிலிருந்து மட்டமான கட்டடமே மேதைமையை வளர்க்கும் என்று முடிவுகட்டுவது மிகை. தோற்றுப்போன தற்காலிகக் கட்டடங்களை யாரும் எழுதி வைப்பதில்லை, எம்.ஐ.டி.யில் அப்போது பாய்ந்த ஆய்வு நிதியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் ஒரு கூறு கவனிக்கத்தக்கது. யாரும் அதைத் தன் கௌரவச் சொத்தாகக் கருதாததால் வருவதும் போவதும் எளிதாக இருந்தது. மறுபக்கமும் உண்டு: ஓரிரு ஆண்டுக்கென வந்த ஏற்பாடு 55 ஆண்டு நீடித்தது. காலக்கெடு எழுதப்படாத தற்காலிகம் நிரந்தரமாகிவிடுகிறது.

மதிப்பீடு

இந்த நிலைப்பாடுகள் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. சூத்திரம் முற்றிலும் நெறியற்ற பங்கீட்டைத் தடுக்கிறது. பயன்பாட்டு அளவீடு பொய்யான பற்றாக்குறையை வெளிக்கொணர்கிறது. கட்டணம் இடத்துக்கு மதிப்பு உண்டு என நினைவூட்டுகிறது. அருகமை வாதம் பரப்பளவுக்கு அப்பால் பார்க்கச் சொல்கிறது. எந்த ஒன்றும் தனியாகப் போதாது என்பதில் ஓரளவு உடன்பாடு இருப்பதாகக் கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, பங்கீட்டை ஒரு முறை எடுக்கும் முடிவாகப் பார்ப்பது. இடத்தைக் கொடுக்கும் அன்றே எப்போது, எந்த நிபந்தனையில், யார் செலவில் அது திரும்ப வரும் என்று எழுதப்படாவிட்டால், எவ்வளவு நுட்பமான சூத்திரமும் சில ஆண்டுகளில் அனுபவ பாத்தியதையாக உறைந்துவிட வாய்ப்பு அதிகம். ஐந்து அல்லது ஏழு ஆண்டுக் காலக்கெடு, மறுபரிசீலனை, பழைய பொருட்களைக் கழிப்பதற்கு எளிய நடைமுறை, சீரமைப்புக்கு மைய நிதி ஆகியவை சூத்திரத்தைத் திருத்துவதைவிடப் பலன் தரக்கூடும்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. ஏழு ஆண்டில் போகப்போகிற இடத்தில் எந்தத் துறை கோடிக்கணக்கில் கருவி நிறுவும்? காலக்கெடு குறுகினால் முதலீடு குறையும், நீண்டால் உரிமையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவு பாடத்துக்குப் பாடம் மாறுமா என்பதற்கு உறுதியான சான்று இன்னும் தேவை. இடக்கட்டணம் உண்மையில் பரப்பைக் குறைக்கிறதா என்பதும் திறந்த கேள்விதான். கட்டணம் கொண்டுவரும் பல்கலைக்கழகங்கள் கூடவே வேறு பல சீர்திருத்தங்களையும் செய்வதால் விளைவைப் பிரித்தறிவது கடினம். ஆள் இருப்பதை வைத்துத் தேவையை அளக்கும் முறைக்கு 2020க்குப் பிந்தைய பணிமுறையில் என்ன மாற்று என்பதும் தீர்ந்தபாடில்லை. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, காலியான கட்டடத்தை யாருக்குக் கொடுத்தாலும் திரும்பப் பெறும் வழியை முதலிலேயே எழுதிவைப்பதுதான் குறைந்த தவறுள்ள முடிவாகத் தோன்றுகிறது.